மந்திரி எழுந்து பதில் சொல்கிறார்!

காலை மணி 11.

டெல்லி பார்லிமெண்டில் மணி ஒலிக்கிறது. சபாநாயகர் உள்ளே வருகிறார். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். அவர் அமர்ந்ததும் ஓர் அங்கத்தினரின் பெயரைச் சொல்லி அழைக்கிறார்.

அந்த அங்கத்தினர் எழுந்து ஓர் எண்ணை மட்டும் சொல்கிறார். அது கேள்வியின் எண். கேள்வி முன்பே அச்சாகி எல்லோர் கையிலும் இருக்கிறது.

மந்திரி எழுந்திருக்கிறார். பதிலைப் படிக்கிறார்.

இதுவரையில் பயம் இல்லை. அந்தப் பதில் இலாகா அதிகாரிகள் எழுதிக் கொடுத்தது. மந்திரியின் வயிற்றில் புளியைக் கரைப்பது அடுத்து வரும் கேள்விதான்!

"துணைக் கேள்வி" என்று அதற்குப் பெயர். அது எந்தத் தாளிலும் அச்சாவதில்லை. எந்தத் திசையிலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. கேட்ட மாத்திரத்தில் மந்திரி பதில் சொல்ல வேண்டும். பக்கத்து மாடத்தில் அவருடைய அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருந்து அவசரம் அவசரமாக ஒரு துண்டுச் சீட்டு வரும். சில சமயம் சீட்டு வருவதற்குள் மந்திரி வாய் தவறிவிடுவார்.

நாடு முழுவதையும் ஆளுகிறவர்கள் பள்ளிக்கூடப் பையன்களைப்போல எழுந்து நின்று பதில் சொல்கிற நேரம் இது. இதுதான் "கேள்வி நேரம்".

நட்சத்திரம் போட்ட கேள்வி

கேள்விகளில் இரண்டு முக்கிய வகை உண்டு. நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு மந்திரி சபையில் வாயால் பதில் சொல்ல வேண்டும். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். நட்சத்திரக் கேள்விகள் பச்சைத் தாளில் அச்சாகும். மற்றவை வெள்ளைத் தாளில்.

ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள். அவை குலுக்கல் போட்டு எடுக்கப்படுகின்றன. ஆனால் ஒரு மணி நேரத்தில் 20 கேள்வியும் முடிவது அபூர்வத்திலும் அபூர்வம். 1972-ம் ஆண்டில் ஒரு நாள் முடிந்தது. அதற்குப் பிறகு 2019-ம் ஆண்டு நவம்பர் மாதம்தான் மீண்டும் முடிந்தது. இடையே 47 ஆண்டுகள்!

மந்திரிகள் தப்பித்துக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தார்கள். "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். கேட்டவரும் மறந்துவிடுவார். இதற்கும் 1953-ம் ஆண்டில் பூட்டுப் போட்டார்கள். மந்திரிகள் சபையில் கொடுக்கும் வாக்குறுதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, நிறைவேற்றினார்களா என்று பார்ப்பதற்கே ஒரு குழு ஏற்பட்டது.

இந்தக் கேள்வி கேட்கும் உரிமை சும்மா கிடைத்ததல்ல. வெள்ளைக்காரர் ஆட்சியில் 1892-ம் ஆண்டுச் சட்டப்படிதான் முதன்முதலில் கிடைத்தது. மறு ஆண்டு சட்ட சபையில் கேட்கப்பட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்குச் சாமான்கள் கொடுத்துக் கொடுத்து கிராமத்துக் கடைக்காரர்கள் படும் கஷ்டத்தைப் பற்றியது. ஆக, தொடக்கமே கணக்கு விவகாரம்தான்!

1 கோடியே 24 லட்சம்

சுதந்திர இந்தியாவில் ஒரு கேள்வி நிதி மந்திரியின் பதவியையே பறித்த கதை இது.

1956-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் பிறந்தது. தனியார் நடத்திவந்த 245 கம்பெனிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு ஒன்றாகச் சேர்த்தது. அதில் சேர்ந்த பணம் யாருடையது? மாதச் சம்பளக்காரர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலுத்திய பிரிமியம். தான் கண்ணை மூடினால் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில் நிற்கக் கூடாதே என்று கட்டிய பணம்.

கார்ப்பரேஷனுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. 1957-ம் ஆண்டு ஜூன் மாதம் அந்தப் பணத்திலிருந்து சுமார் 1 கோடியே 24 லட்ச ரூபாய் வெளியே போயிற்று. கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்திராவுக்குச் சம்பந்தமான 6 கம்பெனிகளின் பங்குகள் வாங்கப்பட்டன.

முந்திரா அப்போது கடனில் முழுகிக்கொண்டிருந்தார். அவருடைய பங்குகளை மார்க்கெட்டில் சீந்துவார் இல்லை. பணத்தை எதில் போடலாம் என்று யோசனை சொல்ல கார்ப்பரேஷனில் ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. அந்தக் குழுவை யாரும் கேட்கவில்லை!

விஷயம் பத்திரிகையில் கசிந்தது. செப்டம்பர் மாதம் பார்லிமெண்டில் கேள்வியாக வந்தது. சர்க்கார் பதில் சொன்னது. பதில் சுற்றி வளைத்து இருந்தது. நவம்பரில் மறுபடியும் கேள்வி. இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் விவரம் வெளியே வந்தது. ஒரு விவரம் வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வருமல்லவா?

இதில் விசேஷம் என்னவென்றால், விடாப்பிடியாக நின்றவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. காங்கிரஸ் கட்சிக்காரர். ராய்பரேலி தொகுதியில் ஜெயித்தவர். பெயர் பெரோஸ் காந்தி. பிரதமர் நேருவின் சொந்த மருமகன்!

மாமனார் பிரதமர். அந்த மந்திரி சபையின் நிதி மந்திரியை மருமகன் கூண்டில் ஏற்றுகிறார். நிதி மந்திரி யார்? நம் சென்னையைச் சேர்ந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி. புத்திக் கூர்மையில் அவருக்கு இணை சொல்ல டெல்லியில் சிலரே இருந்தார்கள். வியாபாரக் கணக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

டிசம்பர் 16-ந் தேதி லோக்சபையில் விவாதம் நடந்தது. பெரோஸ் காந்தி பேச எழுந்தார். என்ன தேதியில் எந்தப் பங்கு என்ன விலை, கார்ப்பரேஷன் கொடுத்தது எவ்வளவு என்று அடுக்கிக்கொண்டே போனார். நிதி மந்திரிக்கும் அவருடைய இலாகா காரியதரிசிக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்துகூட அவர் கையில் இருந்தது! சபை திகைத்துப் போயிற்று.

கிருஷ்ணமாச்சாரி மறுத்துப் பார்த்தார். ஆனால் விசாரணைக்கு இணங்குவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

தெருவில் ஒலிபெருக்கி

பம்பாய் ஐகோர்ட்டுப் பிரதம நீதிபதி எம்.சி.சக்ளா ஒரு நபர் கமிஷனாக நியமிக்கப்பட்டார். 1958-ம் ஆண்டு ஜனவரியில் பம்பாயில் விசாரணை தொடங்கியது.

கதவை மூடிக்கொண்டு விசாரிக்க அவர் சம்மதிக்கவில்லை. பொதுமக்கள் வரலாம் என்றார். வந்தார்கள்! மண்டபம் கொள்ளவில்லை. வெளியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியதாயிற்று. பிரிமியம் கட்டிய ஜனங்கள் தங்கள் பணம் எப்படிப் போயிற்று என்று தெருவில் நின்று கேட்டார்கள்.

நிதி மந்திரி சாட்சி சொன்னார். நிதி இலாகா காரியதரிசி எச்.எம்.பட்டேல் சாட்சி சொன்னார். மந்திரிக்குத் தெரிந்துதான் நடந்தது என்பது காரியதரிசியின் பக்கம். தான் அனுமதி கொடுக்கவில்லை என்பது மந்திரியின் பக்கம். ஒரே இலாகாவில் அடுத்தடுத்த அறையில் வேலை பார்த்தவர்கள் ஊரறிய எதிரும் புதிருமாக நின்றார்கள்.

ஒரு மாதத்துக்குள் அறிக்கை தயாராகிவிட்டது. இந்தக் காலத்து விசாரணைக் கமிஷன்களைப் பார்த்தவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம்.

சக்ளா சொன்ன தீர்ப்பின் சாரம் இது. இந்த வியாபாரம் முறையாக நடக்கவில்லை. மந்திரிக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் தம்முடைய காரியதரிசி செய்த காரியத்துக்கு அவர்தான் பார்லிமெண்டுக்குப் பொறுப்பு. "அதிகாரி செய்துவிட்டார்" என்று கையை உதற முடியாது.

1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். பட்ஜெட்டுக்குச் சில நாட்களே இருந்தன. படிக்க நிதி மந்திரி இல்லை. பிரதமர் நேருவே அந்த ஆண்டு பட்ஜெட்டைப் படித்தார்.

கிருஷ்ணமாச்சாரி அந்தப் பணத்தில் ஒரு காசு தொட்டதாக யாரும் சொல்லவில்லை. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பத்திரிகை படிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தி. பார்லிமெண்டில் பேசியதை உள்ளபடி வெளியிடும் பத்திரிகை மேல் வழக்குப் போட முடியாது என்று 1956-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவரும் இதே பெரோஸ் காந்திதான். அந்தச் சட்டத்தின் துணையோடுதான் முந்திரா விவகாரம் வீட்டு வாசல் வரை வந்து சேர்ந்தது.

பனிக்காட்டில் ஒரு சாலை

பணக் கணக்கு கேட்டால் காகிதத்தைத் தேடிப் பிடித்துவிடலாம். வெளிநாட்டு விவகாரம் அப்படி அல்ல. "பொது நன்மையை உத்தேசித்து இதை இப்போது வெளியிட முடியாது" என்று மந்திரி சொன்னால் மேலே கேட்பது கஷ்டம்.

சுதந்திரம் வந்த நாளிலிருந்து 1964-ல் காலமாகும் வரை நேருவே வெளிநாட்டு மந்திரியாகவும் இருந்தார். வெளிநாட்டுக் கேள்வி என்றால் அவருக்கு உற்சாகம். சின்னக் கேள்விக்கும் நீளமாகப் பதில் சொல்லுவார்.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அவர் வெகுநாள் சொல்லாமல் இருந்தார்.

அப்போது காஷ்மீரைச் சேர்ந்திருந்த லடாக்கின் கிழக்கு மூலையில் அக்சாய் சின் என்று ஒரு பிரதேசம். பனியும் கல்லும்தான். அதன் குறுக்கே சீனா ஒரு சாலை போட்டுவிட்டது. சாலை முடிந்துவிட்டதாக 1957-ம் ஆண்டில் சீனாவே அறிவித்தது. பார்த்து வர 1958-ம் ஆண்டு கோடையில் இந்தியா இரண்டு கோஷ்டிகளை அனுப்பியது. ஒரு கோஷ்டியைச் சீனர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அக்டோபர் மாதம் இந்தியா கண்டனக் கடிதம் அனுப்பியது.

இவ்வளவும் நடந்தது. பார்லிமெண்டுக்குத் தெரியாது!

1959 ஆகஸ்டு 25-ந் தேதி கிழக்கு எல்லையில் லாங்ஜூ காவல் முனையில் துப்பாக்கி வெடித்தது. மூன்று நாள் கழித்து, 28-ந் தேதி லோக்சபை கொதித்தது. அன்று நேரு எழுந்து பதில் சொன்னார். லாங்ஜூ சண்டையைச் சொன்னார். லடாக்கில் சாலை இருப்பதையும் சொன்னார்.

சபை அதிர்ந்தது. இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை? கடிதம் எழுதிப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்ததாக நேரு விளக்கம் கூறினார். அங்கத்தினர்கள் சமாதானம் அடையவில்லை. செப்டம்பர் 7-ந் தேதி சீனாவோடு நடந்த கடிதப் போக்குவரத்தை வெள்ளை அறிக்கையாக அச்சிட்டுச் சபை முன் வைத்தார்கள். அதன் பிறகு அம்மாதிரி அறிக்கைகள் வரிசையாக வந்தன.

அந்தக் காலத்துக் கதை ஒன்று இன்றும் சொல்லப்படுகிறது. "அங்கே ஒரு புல்கூட முளைப்பதில்லை" என்கிற பொருளில் நேரு பேசினாராம். மகாவீர் தியாகி என்ற அங்கத்தினர் எழுந்தாராம். தம்முடைய வழுக்கைத் தலையைக் காட்டினாராம். இங்கேகூட ஒன்றும் முளைப்பதில்லை, அதற்காக இதை வெட்டிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாராம்! சபை சிரித்தது என்பார்கள். அவரும் காங்கிரஸ்காரர்தான்.

1962 அக்டோபரில் சீனப் படை உள்ளே புகுந்தது. பார்லிமெண்டு கூடியபோது, போர் நேரம் என்று கேள்வி நேரத்தையே நிறுத்தி வைத்தார்கள். பிற்காலத்தில் 2020-ம் ஆண்டு கொரோனா சமயத்திலும் ஒரு கூட்டத் தொடரில் வாய்க் கேள்வி இல்லாமல் எழுத்துப் பதில்கள் மட்டும் வந்தன.

அதே வரிசையில்...

முந்திரா விவகாரத்தில் சம்பந்தப்பட்டவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

முந்திரா வழக்குகளில் சிக்கிச் சிறைக்குப் போனார்.

பெரோஸ் காந்தி 1960 செப்டம்பரில் மாரடைப்பால் இறந்தார். வயது 47.

கிருஷ்ணமாச்சாரி 1962-ல் மீண்டும் மந்திரியானார். 1963-ல் அதே நிதி இலாகா அவரிடமே திரும்பி வந்தது. அந்த ஆண்டே நேரு இன்னொருவரையும் மந்திரி சபையில் சேர்த்துக்கொண்டார். அவர் சக்ளா! விசாரித்த நீதிபதியும், பதவியை இழந்த மந்திரியும் ஒரே மந்திரி சபையில் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

சக்ளா 1966-ல் வெளிநாட்டு மந்திரியானார். மறு ஆண்டு ஜூனில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் சண்டை மூண்டது. ஐ.நா. படையில் காசாவில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் உயிர் இழந்தார்கள். பிறரைக் கேள்வி கேட்டே பழகிய நீதிபதி, இப்போது எழுந்து நின்று பதில் சொல்கிற முறை!

காரியதரிசி பட்டேல் உத்தியோகத்தை விட்டு அரசியலுக்கு வந்தார். 1977-ல் ஜனதா ஆட்சி அமைந்தது. நிதி மந்திரி என்று சபாநாயகர் அழைத்தபோது எழுந்தவர் அவர்தான். இருபது ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணமாச்சாரி பதில் சொன்ன அதே சபை. பட்டேல் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். பின்னால் அதிகாரிகள் துண்டுச் சீட்டுடன் காத்திருந்தார்கள்.