வீட்டிலேயே தோட்டா ரீலோடிங்: உண்மையில காசு மிச்சமாகுமா?

அமெரிக்காவில் கிரீன் கார்டோட இருக்கும் நம்ம சேனல் பார்வையாளர் ஒருவர் கேட்ட கேள்வி இது. முறையா துப்பாக்கி வாங்கி, மாசம் 200 தோட்டா ரேஞ்சில் சுடறார், எல்லாமே 9 எம்எம். காலிக் கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே திரும்ப நிரப்பினா செலவு பாதியாகும்னு யாரோ சொல்ல, 1,200 டாலர் மெஷின் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கார். கிரெடிட் கார்டில் வாங்கலாமாங்கிறதுதான் கேள்வி.

கணக்குக்கு முன்னாடி சட்டம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோடிங் செய்ய மத்திய அரசு லைசென்ஸ் தேவையில்லை. விற்க ஆரம்பிச்சா அது உற்பத்தித் தொழில், லைசென்ஸ் வேணும். மாநில விதிகளைத் தனியா பார்த்துக்கணும். முக்கியமா, எச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருக்கிறவங்க துப்பாக்கி மட்டுமில்ல, தோட்டா வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒரு சில விதிவிலக்குகள்தான் உண்டு. நண்பர் கூப்பிட்டார்னு ரேஞ்சுக்குப் போற நம்ம ஐடி மக்கள் நிறைய பேருக்கு இது தெரியாது. இந்தியாவில் இருந்து படிக்கிறவங்களுக்கு: உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கிறது 1959 ஆயுதச் சட்டப்படி கடும் குற்றம். முயற்சியே வேண்டாம்.

சரி, ஒரு தோட்டாவுக்குள் என்ன இருக்கு? நாலே பொருள்தான். பித்தளைக் கூடு, அடியில் பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே பவுடர், முனையில் புல்லட். சுட்டதும் மற்ற மூணும் போயிடும், கூடு மட்டும் மிஞ்சும். கடைத் தோட்டாவில் நல்ல விலை பிடிப்பது அந்தக் கூடு. அதைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம் என்பதுதான் ரீலோடிங்கோட மொத்தப் பொருளாதாரமும். கடைத் தோட்டா விலைக்குள் 11 சதவீத மத்திய கலால் வரியும் உட்கார்ந்திருக்கு. சொந்த உபயோகத்துக்கு நீங்களே நிரப்பிக்கிற தோட்டாவுக்கு அது கிடையாது.

இப்ப 9 எம்எம் கணக்கு. விலை ஊருக்கு ஊர் மாறும், நான் போடுறது உதாரணம்தான். பிரைமர் 8 சென்ட், புல்லட் 10 சென்ட். பவுடர் ஒரு பவுண்டு 40 டாலர். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். தோட்டாவுக்குச் சுமார் 5 கிரெயின்னு வெச்சா 1,400 தோட்டா வரும், ஒண்ணுக்கு 3 சென்ட். (இது செலவுக் கணக்குக்கு மட்டும். எந்தப் பவுடர் எவ்வளவுன்னு மேனுவலைப் பார்த்துத்தான் போடணும்.) கூடு இலவசம்னே வெச்சுக்குவோம். மொத்தம் 21 சென்ட். கடையில் 25 சென்ட்டுக்குக் கிடைக்குதுன்னா மிச்சம் வெறும் 4 சென்ட்.

மாசம் 200 தோட்டா, 8 டாலர். 1,200 டாலர் மெஷின் திரும்ப வர 30,000 தோட்டா சுடணும், அதாவது பன்னிரண்டரை வருஷம். கிரெடிட் கார்டில் வாங்கிட்டு 20 சதவீத வட்டியில் பாக்கி வெச்சா, முதல் மாச வட்டியே 20 டாலர். 8 டாலர் மிச்சம் பிடிக்க 20 டாலர் வட்டி! கைப்பிடியை ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா இழுக்கிற சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸும் மற்ற சாமான்களும் சேர்த்து 500 டாலர்ல முடிச்சாலும் அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும். அதில் மணிக்கு நூறு தோட்டா போட்டால் உங்க உழைப்புக்கு 4 டாலர் கிடைக்குது. அங்கே மத்திய அரசு குறைந்தபட்சக் கூலியே 7.25 டாலர்.

அப்ப ரீலோடிங்கே வீண் வேலையா? இல்லை. எதைச் சுடறீங்க என்பதைப் பொறுத்தது.

தூரத்து இலக்குக்கு .308 ரைஃபிளில் மேட்ச் தரத் தோட்டா சுடறவரை எடுத்துக்குங்க. கடையில் ஒண்ணு 1.60 டாலர்னு வெச்சுக்குவோம். வீட்டில் நல்ல புல்லட் 45 சென்ட், பவுடர் 30, பிரைமர் 9, பத்து தடவை உபயோகிக்கும் தரமான கூட்டுக்கு 10. மொத்தம் 94 சென்ட், மிச்சம் 66. 500 டாலர் முதலீடு சுமார் 760 தோட்டாவில் திரும்பிடும். மாசம் 60 சுட்டா கூட ஒரு வருஷம், ஒரு மாசம். அது மட்டுமில்ல, தன் துப்பாக்கிக்கு ஏத்த மாதிரி நிரப்பினா குறி துல்லியமும் கூடும்.

இன்னொண்ணும் நடக்கும். தோட்டா விலை குறைஞ்சதும் கை நிற்காது. நூறு சுட்டவர் நூத்தைம்பது சுடுவார், பில் அதேதான். சந்தோஷம் கூடுது, தப்பில்லை. ஆனா அதுக்குச் சேமிப்புன்னு பேர் வைக்காதீங்க. தட்டுப்பாட்டுக் காலத்துக்குப் பாதுகாப்புன்னும் சிலர் சொல்றாங்க. 2020-ல் தோட்டா தட்டுப்பாடு வந்தப்ப பிரைமரும் சேர்ந்தேதான் காணாமப் போச்சு. மூட்டை மூட்டையா கூடு வெச்சிருந்தவங்களும் கையைப் பிசைஞ்சுகிட்டு நின்னாங்க.

கணக்கு ஒத்து வருதுன்னு முடிவெடுத்தா, முதலில் வாங்க வேண்டியது மெஷின் இல்லை, ரீலோடிங் மேனுவல். லைமன், ஹார்னடி போன்ற நிறுவனங்கள் போடுறாங்க. ஒரு வாரம் அதைப் படிங்க. அப்புறம் பிரஸ், உங்க கேலிபருக்கான டை, எடை பார்க்கும் ஸ்கேல், அளக்க காலிப்பர், கண்ணாடி. பிரஸ்ஸை யூஸ்டுல வாங்கலாம். வார்ப்பிரும்பு பிரஸ் பல வருஷம் உழைக்கும், வேண்டாம்னா விற்கவும் முடியும். ஸ்கேலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எஃகுக் கூட்டையும், அடியில் ரெண்டு துளை இருக்கும் பெர்டன் கூட்டையும் ரேஞ்சிலேயே விட்டுட்டு வாங்க.

ஏன் ஸ்கேல்னா, இந்தப் பொழுதுபோக்கில் பெரிய ஆபத்தே பவுடரில்தான். ஒரே கூட்டில் ரெண்டு தடவை பவுடர் விழுந்தா துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். 9 எம்எம்மில் சில பவுடர்கள் கூட்டில் பாதிகூட நிறையாது, இரட்டை அளவு கண்ணுக்குத் தப்பிடும். அதனால மேசையில் ஒரே பவுடர் டப்பா, டிவி வேண்டாம், போன் வேண்டாம், முனை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்க. மேனுவலில் தொடக்க அளவில் ஆரம்பிங்க. முடிச்சதும் கை கழுவுங்க, ஈயம் இருக்கும். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். வீட்டில் சேர்த்து வைக்கவும் வரம்பு உண்டு, உள்ளூர் தீயணைப்பு விதியையும் வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒரு முறை படிச்சிடுங்க. ரீலோட் செய்த தோட்டாவால் துப்பாக்கி கெட்டுப்போனா வாரண்டி கிடையாதுன்னு பல கம்பெனிகள் எழுதியே வெச்சிருக்கு. அந்த 4 சென்ட்டில் இந்த ரிஸ்க்கையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

கேள்வி கேட்டவருக்கு என் பதில்: 9 எம்எம் மட்டும் சுடற வரைக்கும் மெஷின் வேண்டாம். ஆயிரம் தோட்டா பெட்டியா, விலை இறங்கும்போது வாங்குங்க. காலிக் கூட்டை மட்டும் இப்பவே சேர்த்து வையுங்க, அதுக்குச் செலவில்லை. பின்னாடி ரைஃபிள் பக்கம் போனா, காசு சேர்த்து 500 டாலருக்குள் ஆரம்பிங்க. பவுடரும் பிரைமரும் ஆன்லைனில் வாங்கினா அபாயப் பொருள் கட்டணம்னு ஆர்டருக்கு ஒரு தொகை போடுவாங்க. ஒரு பவுண்டுக்காக அதைக் கட்டினா மேலே போட்ட கணக்கெல்லாம் காலி. கிளப்பில் நாலு பேர் சேர்ந்து ஒரே ஆர்டரா போடுங்க, இல்லைன்னா பக்கத்துக் கடையில் நேரில் போய் வாங்குங்க.