கதவு எப்போது திறந்தது?

சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன்-பான் போன ஒரு விமானம் மதியம் 2.40க்குச் சேர வேண்டும். சக்கரம் ஓடுதளத்தைத் தொட்டபோது மணி 5.38. நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றபோது 5.43. தாமதம் நஷ்டஈட்டுக்கான மூன்று மணி நேரத்தைத் தாண்டியதா இல்லையா என்று வழக்கே நடந்தது. ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்றாகும் நேரமே வந்துசேர்ந்த நேரம் என 2014ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயணிக்கு 250 யூரோ.

இந்த நஷ்டஈட்டுக்கு அடிப்படையான, 261/2004 என்ற எண்ணுள்ள ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறை 2005 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. டிக்கெட்டை முப்பது யூரோவுக்கு வாங்கினீர்களா, முந்நூறுக்கா என்று அது பார்ப்பதில்லை. பயணம் எத்தனை மணி நேரம் என்பதும் கணக்கில் வராது. தூரம்தான் கணக்கு: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, அதற்கு மேல் ஒன்றியத்துக்குள் 400. பாரிஸிலிருந்து லிஸ்பன் சுமார் 1,470 கிலோமீட்டர், பிராங்பர்ட்டிலிருந்து லிஸ்பன் 1,800க்கும் மேல். பறக்கும் நேரத்தில் அரை மணி போலத்தான் வித்தியாசம். கைக்கு வரும் பணத்திலோ 150 யூரோ.

அந்தத் தூரத்தையும் விமானம் சுற்றிப் போன வழியில் அளப்பதில்லை. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போனவர்கள், பறந்தது 1,656 கிலோமீட்டர் ஆயிற்றே என்று 400 கேட்டார்கள். ரோம்-ஹாம்பர்க் நேர்த்தூரம் 1,326தான், ஆகவே 250 என்றது நீதிமன்றம் (2017). இது எனக்கு நியாயமாகவே படுகிறது. சுற்றுவழியை விரும்பித்தானே வாங்குகிறோம்!

எல்லாத் தாமதத்துக்கும் பணம் கிடைக்காது. புயல், பனி, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் போன்றவை நிறுவனத்தின் கைமீறியவை. 'தொழில்நுட்பக் கோளாறு' என்ற பதிலை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். பராமரிப்பில் வழக்கமாகத் தலைகாட்டும் பழுது விதிவிலக்கில் சேராது என்று 2008லேயே தீர்ப்பு வந்துவிட்டது. சொந்த ஊழியர் வேலைநிறுத்தமும் பொதுவாக அப்படித்தான். நஷ்டஈடு இல்லாத நாளிலும் காத்திருப்பு நீண்டால் சாப்பாடு உண்டு, இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் உண்டு. 2010ல் எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய வானத்தை மூடியபோதுகூட இந்தக் கடமை நீங்கவில்லை. யாரும் கவனிக்காவிட்டால் நியாயமான அளவில் நீங்களே செலவு செய்துவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பாரிஸிலிருந்து வளைகுடா வழியாகச் சென்னை வருபவர்களுக்கு ஒரு விஷயம். ஒரே புக்கிங்கில் வந்து, சென்னையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 600 யூரோ கேட்கலாம், வளைகுடா நிறுவனத்தின் விமானமாக இருந்தாலும். திரும்பிப் போகும்போது அதே நிறுவனத்திடம் இந்தச் சட்டம் செல்லாது. அப்போது ஐரோப்பிய ஒன்றிய விமான நிறுவனங்களை மட்டுமே இது கட்டுப்படுத்தும்.

போர்டிங் பாஸை எறியாதீர்கள். தாமத அறிவிப்புப் பலகையையும், கதவு திறந்த நேரம் தெரியும்படி செல்போன் திரையையும் படம் எடுத்து வையுங்கள். முதலில் நிறுவனத்துக்கு நேராக எழுதுங்கள். கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தாலொழிய வவுச்சரைத் தலையில் கட்ட முடியாது. நிறுவனம் பணம் தர மறுத்தால், புறப்பட்ட நாட்டின் விமானப் பயணி உரிமை அமைப்பிடம் புகார், பிறகு நீதிமன்றம். வாங்கித் தருகிறோம் என்று வரும் ஏஜென்சிகள் தொகையில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். கேட்பதற்கான காலக்கெடு நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் மூன்று ஆண்டு, அதுவும் ஆண்டின் கடைசி நாளிலிருந்து எண்ணுவார்கள்: 2024 மார்ச்சில் தாமதமான விமானத்துக்கு 2027 டிசம்பர் 31 வரை.