50 பேர் நோன்பு திறக்க முட்டைக்கோழி பன்

இஃப்தாருக்குப் பலரை அழைக்கும் வீடுகளுக்கு நமது நாமக்கல் பண்ணைகளின் முட்டைக்கோழி கைகொடுக்கும். ஒன்றரை ஆண்டுக்கு மேல் வளர்ந்த கோழி என்பதால், சுமார் 6 வாரத்தில் விற்பனைக்கு வரும் கறிக்கோழியைவிட இதன் கறி கெட்டி. அவசரத் தீயில் ரப்பர் போலாகும். குறைந்த தீயில் நீரோடு வெந்தால் தசைநார் இளகி, நூல் நூலாகப் பிரியும்.

சுத்தம் செய்த கோழி 7 கிலோவுடன் இஞ்சி பூண்டு விழுது, வெங்காயம், மிளகு, உப்பு சேர்த்து, கறி மூழ்க நீர் ஊற்றி, லுஹருக்குப் பின் கனமான தேக்சாவில் ஏற்றுங்கள். கொதித்ததும் தீயைக் குறைத்து மூடி, 3 மணி நேரம் விடுங்கள். பிறகு எலும்பை நீக்கிக் கறியை உதிர்த்து, சுண்டவைத்த சாற்றிலேயே போட்டு, ஆவி பறக்கும் சூட்டில் வைத்திருங்கள்.

நாங்கள் முக்கியமாக வேண்டுவது இதுதான்: அஸருக்கே பன்னில் அடைத்து அடுக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் 1 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கும் கறியில் கிருமி பெருகும். சில கிருமிகளின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. குழந்தைகளும் முதியவர்களும்தான் அதிகம் பாதிக்கப்படுவார்கள். மஃரிப் பாங்குக்குச் சற்று முன் அடையுங்கள். பச்சைக்கறி வெட்டிய கத்தியால் வெள்ளரிக்காய் நறுக்க வேண்டாம். மிஞ்சியதை உடனே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.