எடைக்கருவி காட்டாத முன்னேற்றம்

எங்கள் புறநோயாளர் பிரிவில் எடைக்கருவியின் மீது ஏறி நிற்பவர்களின் முகத்தைக் கவனிப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. முதல் மாதம் ஆவல் தெரியும். இரண்டாம் மாதம் நம்பிக்கை தெரியும். மூன்றாம், நான்காம் மாதங்களில் பெரும்பாலும் ஏமாற்றமே தெரியும். “ராத்திரி சோற்றை நிறுத்தியாச்சு, தினமும் காலையில நடக்கேன், மெஷின் மட்டும் அசைய மாட்டேங்கு டாக்டர்” என்று நாகர்கோவிலிலிருந்தும் தக்கலையிலிருந்தும் குளச்சலிலிருந்தும் வருவோர் ஏறத்தாழ ஒரே சொற்களில் கூறுகின்றனர்.

அவர்களில் சிலர் அடுத்த முறை வருவதில்லை. ஓராண்டு கழித்து வேறு தொந்தரவுக்காக வரும்போது, நடைப்பயிற்சி நின்றிருக்கும். பழைய உணவுப் பழக்கம் திரும்பியிருக்கும். சிலர் மாத்திரையையும் விட்டிருப்பர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் முன்பிருந்ததைவிடக் கூடியிருக்கும். எடை குறையாததால் அவர்களுக்கு நேர்ந்த தீங்கைவிட, எடை குறையவில்லை என்று எண்ணி முயற்சியைக் கைவிட்டதால் நேர்ந்த தீங்கே பெரிது. இதைத் தடுக்கும் நோக்கத்துடன் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சென்னை ஆய்வு கற்பித்த பாடம்

நம் மாநிலத்திலேயே நடந்த ஓர் ஆய்வை முதலில் குறிப்பிட வேண்டும். டாக்டர் ஏ. இராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர் சென்னையில் நடத்திய ‘இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்’ என்ற ஆய்வின் முடிவுகள் 2006ஆம் ஆண்டு வெளியாயின. சர்க்கரை நோய் இன்னும் வராத, ஆனால் அதன் வாயிலில் நின்றிருந்த 531 பேர் இதில் பங்கேற்றனர். அவர்கள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவினர் நாள்தோறும் விரைவாக நடக்கவும், சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கொழுப்பையும் குறைக்கவும், நார்ச்சத்து மிக்க உணவை உண்ணவும் தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டனர். மூன்றாம் பிரிவினருக்கு மெட்பார்மின் மாத்திரையும், நான்காம் பிரிவினருக்கு மாத்திரையும் வாழ்க்கைமுறை மாற்றமும் சேர்த்தும் தரப்பட்டன.

மூன்று ஆண்டுகளில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்ட பிரிவில் அது 39.3 விழுக்காடு. அதாவது, அவர்களுக்கு நோய் வரும் அபாயம் ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. இந்தப் பயன் கிடைத்த அப்பிரிவினரின் உடல் எடையில் குறிப்பிடத்தக்க குறைவு ஏதும் ஏற்படவில்லை. எடைக்கருவியை மட்டும் நம்பியிருந்தால், அவர்கள் தங்கள் முயற்சி வீண் என்றே முடிவு செய்திருப்பர்.

அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்விலும் இதற்குத் துணைநிற்கும் செய்தி உண்டு. அங்கே 7 விழுக்காடு எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காக வைக்கப்பட்டன. நோய் வரும் அபாயம் 58 விழுக்காடு குறைந்தது. முதலாண்டில் எடை இலக்கை எட்டாதவர்களைத் தனியே பார்த்தபோது, உடற்பயிற்சி இலக்கை மட்டுமாவது எட்டியவர்களுக்கு, அதையும் எட்டாதவர்களைவிட 44 விழுக்காடு குறைவாகவே நோய் வந்திருந்தது.

எடை குறைய வேண்டியதில்லை என்பது இதன் பொருளன்று. அதே அமெரிக்க ஆய்வில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அபாயம் 16 விழுக்காடு குறைந்தது. எடை குறைவது நன்று. அது குறையாத மாதங்களிலும் உங்கள் முயற்சி உடலுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதே நாங்கள் கூற விரும்புவது.

எடை ஏன் நின்றுவிடுகிறது?

தொடக்கத்தில் உணவைக் குறைத்தவுடன் ஓரிரு கிலோ விரைவாகக் குறைவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அதில் பெரும்பகுதி கொழுப்பன்று, நீரே. கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்திருக்கும். சேமிப்பு கரையும்போது அந்நீரும் வெளியேறுகிறது. அந்த முதல் வேகத்தையே ஒவ்வொரு மாதமும் எதிர்பார்ப்பதுதான் ஏமாற்றத்தின் முதற் காரணம்.

அடுத்த காரணம், உடலின் தேவை குறைவது. 84 கிலோ உடலைச் சுமந்து படியேறுவதற்கும் 78 கிலோ உடலைச் சுமந்து ஏறுவதற்கும் செலவாகும் ஆற்றல் ஒன்றன்று. எடை குறையக் குறைய உடலின் அன்றாடச் செலவும் குறைகிறது, பசியோ கூடுகிறது. முதலில் எடையைக் குறைத்த அதே உணவு, சில மாதங்களுக்குப் பின் எடையை நிலைநிறுத்தும் உணவாகிவிடுகிறது. இது உங்கள் மன உறுதியின் குறையன்று. பஞ்சத்தைத் தாங்குவதற்காக உடல் கற்றுக்கொண்ட பழக்கம்.

மூன்றாவது, நாளுக்கு நாள் நிகழும் ஏற்ற இறக்கம். கருவாடும் ஊறுகாயும் சேர்ந்த ஒரு வேளை உணவு, கல்யாண வீட்டுச் சாப்பாடு, மலச்சிக்கல், பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் ஆகியவை உடலில் நீரையும் சுமையையும் கூட்டி, எடையை ஒரு கிலோ அல்லது அதற்கு மேலும் உயர்த்திக் காட்டக்கூடும். ஒரு மாதத்தில் உண்மையாகக் கரைந்த ஒரு கிலோ கொழுப்பை, ஒரு நாள் தேங்கிய நீர் எளிதாக மறைத்துவிடும்.

கன்னிப்பூ நடவு முடிந்த வயலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. நட்ட நாற்று சில நாட்கள் வாடியே நிற்கும். அந்நாட்களில் வேர் பிடித்துக்கொண்டிருக்கும். பயிர் ஏறவில்லை என்று நாஞ்சில் நாட்டு உழவர் எவரும் அப்போது தண்ணீரை அடைத்துவிடுவதில்லை.

எடையுடன் சேர்த்து எவற்றை அளக்கலாம்?

முதலில் இடுப்புச் சுற்றளவு. இந்தியர்களின் உடலில் கொழுப்பு வயிற்றுப் பகுதியில் மிகுதியாகச் சேர்கிறது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தம்மையும் தம் ஆங்கிலேய நண்பர் மருத்துவர் யூட்கினையும் ஒப்பிட்டு எழுதினார். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. எடை ஒருவரது உள்நிலையை முழுதும் சொல்வதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவைத் தாண்டிய இடுப்பு கவலைக்குரியது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளியிட்ட நிலையில், நாடாவை இறுக்காமல் அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை போதும்.

இரண்டாவது, இரத்த அழுத்தம். எடையில் ஒரு கிலோ குறைந்தால் மேல் அழுத்தம் சராசரியாக 1 மி.மீ. குறைகிறது. மூன்றாவது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு. நான்காவது, கல்லீரல் கொழுப்பு. உடல் எடையில் 3 முதல் 5 விழுக்காடு குறைந்தாலே அது குறையத் தொடங்குகிறது. ஐந்தாவது, மூட்டுவலி. உடலில் குறையும் ஒவ்வொரு கிலோவும், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதுள்ள சுமையை ஏறத்தாழ 4 கிலோ குறைக்கிறது என்று முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது.

இவற்றோடு, நீங்களே அறியக்கூடிய அடையாளங்களும் உண்டு: வீட்டு மாடிப்படியை நிற்காமல் ஏற முடிகிறதா? சட்டைப் பித்தான் எளிதாகப் பூட்டுகிறதா? தரையில் அமர்ந்து எழ முடிகிறதா? உறக்கம் தெளிவாக இருக்கிறதா?

பலருடைய குறிப்பேடுகளில் நாங்கள் கண்டதைச் சேர்த்து அமைத்த எடுத்துக்காட்டு இது. ஐம்பது வயது கடந்த ஒரு பெண்மணி நான்கு மாதங்களில் 78 கிலோவிலிருந்து 76.5 கிலோவுக்கு மட்டுமே வந்திருக்கிறார், மனம் சோர்ந்திருக்கிறார். ஆனால் இடுப்பு 96 செ.மீ.யிலிருந்து 91 ஆகியிருக்கிறது; மூன்று மாதச் சர்க்கரை 8.1இலிருந்து 7.2 ஆகியிருக்கிறது, முழங்கால் வலி மாத்திரை வாரத்துக்கு நான்கிலிருந்து ஒன்றாகியிருக்கிறது. இந்த நான்கு எண்களில் அவர் பார்த்தது ஒன்றை மட்டுமே.

எடை பார்ப்பதையும் முறைப்படுத்திக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், காலையில் மலசலம் கழித்தபின், உண்பதற்கு முன், ஒரே கருவியில் பாருங்கள். நான்கு வாரச் சராசரியை முந்தைய நான்கு வாரச் சராசரியுடன் மட்டும் ஒப்பிடுங்கள்.

நம் ஊர்ச் சூழலில்

எடை நின்றுவிட்டால், கண்ணுக்குத் தெரியாமல் சேரும் உணவை முதலில் தேடுவது நலம். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் நம் ஊரின் நல்ல உணவுதான். ஆனால் கிழங்கு சோற்றுக்குப் பதிலாக வர வேண்டும், சோற்றுடன் சேர்ந்து வரக்கூடாது. சம்பா அரிசி என்பதற்காகச் சோற்றின் அளவைக் கூட்டலாகாது. மாலைத் தேநீருடன் வரும் பழம்பொரியும் நேந்திரங்காய் வற்றலும், அன்று காலை நடந்து செலவிட்ட ஆற்றலைச் சில நிமிடங்களில் திருப்பித் தந்துவிடும். கருப்பட்டியும் அக்கானியும் இயற்கையானவை என்றாலும் சர்க்கரையே. சாளையையும் நெத்திலியையும் பொரிப்பதைவிடக் குழம்பாக வைத்து உண்பது நன்று. கீரை, பயறு, காய்கறித் துவரன் ஆகியவை இலையில் பாதியை நிரப்பட்டும். துவரனிலும் அவியலிலும் சேரும் தேங்காயை மட்டும் அளந்து போடுங்கள்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. ‘மழை, அதனால் நடக்கவில்லை’ என்று தொடங்கும் இடைவெளி பலருக்கு மாதக்கணக்கில் நீண்டுவிடுகிறது. ஆகவே மழை நாளுக்கான திட்டத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: வீட்டுக்குள் பத்துப் பத்து நிமிடங்களாக மூன்று முறை நடை; நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்தல். இத்தகைய தசைப்பயிற்சி, எடை குறையும்போது தசை கரையாமல் காக்கும்.

கோயில் கொடை, ஓணம், கிறிஸ்துமஸ் என்று விழாக்கள் வரும். இலையில் பாயசமும் வரும். ஒரு வேளை மிகுதியாக உண்டதால் முயற்சி முறிந்துவிடுவதில்லை. அடுத்த வேளை உணவிலேயே பழைய ஒழுங்குக்குத் திரும்பினால் போதும். ‘இனி திங்கட்கிழமை முதல்’ என்று தள்ளிப்போடுவதே கேடு.

இலக்கையும் மாற்றிக்கொள்ளலாம். ‘இம்மாதம் 2 கிலோ குறைப்பேன்’ என்பது உங்கள் கையில் இல்லை. ‘இவ்வாரம் ஐந்து நாள் நடப்பேன், இரவு ஏழரைக்குள் உண்பேன்’ என்பது உங்கள் கையில் உள்ளது. செய்த நாளை நாட்காட்டியில் குறித்து வாருங்கள். அடுத்த முறை வரும்போது அந்த நாட்காட்டியையும் கொண்டுவாருங்கள்.

குடும்பத்தாருக்கும் எங்களுக்கும்

வீட்டிலிருப்போர் அன்பினால்தான் ‘இன்னும் குறையலியே’ என்று கேட்கின்றனர். கேட்பவருக்கு அது ஒரு சொல். கேட்கப்படுபவருக்கு அது தீர்ப்பு. அதற்குப் பதிலாக, ‘இன்று நானும் கூட வருகிறேன்’ என்று செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். ஒருவருக்கெனத் தனிச் சமையல் செய்யாமல், வீடு முழுவதற்கும் ஒரே உணவைச் சமையுங்கள்.

இதில் எங்கள் பிழையும் உண்டு. முன்பு எடைக்கருவி நடைவழியில் இருந்தது. எண்ணை உரக்கப் படித்து, ‘குறையவில்லையே’ என்று பிறர் கேட்கவே சொல்லியிருக்கிறோம். அதன் பின் வராமற்போனவர்களை எண்ணி வருந்துகிறோம். இப்போது கருவி ஓர் அறைக்குள் இருக்கிறது. எண்ணைக் கேட்பதற்கு முன், கடந்த மாதம் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறோம்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்?

உண்மையாகவே முயன்றும் மூன்று மாதங்களாக எடையும் இடுப்பளவும் இரண்டுமே மாறவில்லை என்றால் வாருங்கள். தைராய்டு குறைபாடு, உறக்கத்தில் மூச்சுத்தடை, ஸ்டீராய்டு, இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள் ஆகியவை எடைக் குறைப்பைத் தடுக்கக்கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாற்று வழி இருக்கலாம். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். முன்னரே கேட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள். சில நாட்களில் எடை வேகமாகக் கூடி, கால் வீக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே வாருங்கள். அது இதயம் அல்லது சிறுநீரகச் சிக்கலாக இருக்கலாம். முயலாமலே எடை குறைந்தாலும் வாருங்கள். உள்ளடக்கம் எழுதப்படாத எடைக் குறைப்புப் பொடிகளை எவர் தந்தாலும் உண்ண வேண்டாம்.

எடை குறையாத மாதத்தில்தான் பலரும் எங்களைச் சந்திக்கக் கூச்சப்படுகின்றனர். அந்த மாதத்தில்தான் நீங்கள் தவறாமல் வர வேண்டும். மற்ற அளவுகளையும் எடுத்துப் பார்த்து, எது மாறியிருக்கிறது என்று சேர்ந்தே தேடுவோம்.