காட்டுவழிக்கு ஏன் அவல்?

செங்கலடியைக் கடந்து தெற்கே போகும் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர், உகந்தைக்கு அப்பால் குமண, யால காடுகளுக்குள் நாட்கணக்கில் நடக்கிறார்கள். தோள்மூட்டையின் அருமை அங்கேதான் தெரியும்.

சோறு கட்டிப்போனால் என்ன? சோற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். சுமையும் வீண்; அந்த ஈரத்தில் கிருமி பெருகி ஒரு நாளிலேயே பழுதாகிவிடும். அவலில் ஈரம் மிகக் குறைவு. அதைவிடப் பெரிய நன்மை, நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடிக்கும்போதே அதன் மாச்சத்து வெந்துவிடுகிறது. அதனால் அடுப்பே வேண்டாம். குடிநீர் தெளித்துச் சற்று மூடிவைத்தால், தட்டையான மணிகள் நீரை உறிஞ்சி மெத்தென்று ஊறிவிடும்.

கச்சானும் கட்டாயம் வேண்டும். மாச்சத்து கிராமுக்கு 4 கிலோகலோரி தரும், கொழுப்பு 9. அதனால் 100 கிராம் அவலில் சுமார் 350 என்றால், கொழுப்பு மிகுந்த கச்சானில் சுமார் 560. வியர்வையோடு உப்பும் போகும். கச்சானை உப்புப் போட்டே வறுத்தெடுங்கள்.