படைப்புத்தொகுப்பு வலைத்தளம்

படைப்புத்தொகுப்பு வலைத்தளம் என்பது ஒருவர் தாம் செய்த ஆக்கங்களுள் சிறந்தவற்றைத் தெரிந்தெடுத்து, ஒழுங்குபடுத்தி, விளக்கக் குறிப்புகளுடன் பிறர் பார்வைக்கு வைக்கும் தனிநபர் வலைத்தளம் ஆகும். பொதுவழக்கில் இது போர்ட்போலியோ தளம் எனப்படுகிறது. வரைகலைஞர், ஒளிப்படக் கலைஞர், கட்டிடக்கலைஞர், நிரலாளர், இதழாளர் முதலிய பல துறையினரும், அத்துறைகளைப் பயிலும் மாணவர்களும் இத்தகைய தளங்களை அமைக்கின்றனர். வேலைவாய்ப்பு, உயர்கல்விக்கான அனுமதி, வாடிக்கையாளரைப் பெறுதல் என்பன இவற்றின் முதன்மை நோக்கங்கள்.

இத்தளத்தைப் பார்வையிடுபவர் பெரும்பாலும் அதன் உரிமையாளரை அறியாதவர். ஒரே நாளில் பல தளங்களைப் பார்ப்பவராகவும் இருக்கலாம். அமைத்தவருக்கோ எது எங்கே உள்ளது என்பது முன்பே தெரியும். ஆகவே தளத்தின் குறைகள் அவர் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதில்லை. இதனால், உடன் பயில்வோரிடமும் அதே துறையில் உள்ளோரிடமும் பின்னூட்டம் பெறுவது வடிவமைப்பு முடிந்தபின் செய்யும் சடங்காக அன்றி, வடிவமைப்பின் ஒரு கட்டமாகவே கொள்ளப்படுகிறது.

வரலாறு

போர்ட்போலியோ என்னும் சொல், தாள்களைச் சுமந்து செல்லும் உறை எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஓவியரும் கட்டிடக்கலைஞரும் தமது வரைபடங்களைத் தட்டையான பெரிய பையில் இட்டு நேர்முகத் தேர்வுக்கு எடுத்துச் செல்வது வழக்கம். அப்பையைத் திறந்து காட்டும்போது கலைஞரும் உடனிருப்பார். கேட்கும் ஐயங்களுக்கு விடை கூறுவார். வலைத்தளத்தில் அவர் உடனிருப்பதில்லை. அவர் வாயாற் கூறியவற்றை எல்லாம் பக்க அமைப்பே கூறவேண்டியதாகிறது.

1990களின் நடுப்பகுதியில் தனிநபர் முகப்புப் பக்கங்கள் பெருகின. 1994 இல் தொடங்கப்பட்டுப் பின்னர் ஜியோசிட்டீஸ் எனப் பெயர்பெற்ற இலவச சேவை இதில் முன்னோடியாக இருந்தது. 1999 இல் யாகூ இதனை வாங்கியது. சப்பான் நீங்கலாக ஏனைய நாடுகளில் 2009 இலும், சப்பானில் 2019 இலும் இச்சேவை மூடப்பட்டது. வேறு படி வைத்திராதவர்கள் தமது பக்கங்களை இழந்தனர். தளத்தின் கோப்புகளைத் தமது கணினியிலும் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

அக்காலத்தில் பக்கத்தின் பகுதிகளை உரிய இடங்களில் நிறுத்த எச்.டி.எம்.எல் அட்டவணைகளே பயன்பட்டன. இடைவெளி வேண்டிய இடங்களில் கண்ணுக்குப் புலப்படாத சிறு படங்கள் செருகப்பட்டன. தோற்றத்தை உள்ளடக்கத்திலிருந்து பிரித்து எழுத உதவும் சிஎஸ்எஸ் மொழியை 1994 இல் ஓக்கோன் வியூம் லீ முன்மொழிந்தார். 1996 திசம்பரில் அதன் முதற் பதிப்பு உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையானது. எனினும் உலாவிகள் அதனை ஒரேவிதமாக நடைமுறைப்படுத்தாமையால் அட்டவணை முறை பல ஆண்டுகள் நீடித்தது. 2003 இல் டேவ் சி தொடங்கிய சிஎஸ்எஸ் சென் கார்டன் என்னும் தளம், ஒரே எச்.டி.எம்.எல் பக்கத்துக்குப் பலர் எழுதிய வெவ்வேறு பாணிக் கோப்புகளைக் காட்டியது. உள்ளடக்கத்தைத் தொடாமலே முற்றிலும் வேறான தோற்றங்களைத் தரமுடியும் என்பது இதனால் தெளிவாகியது.

இதே காலத்தில் அசைவுப் படங்களும் ஒலியும் கொண்ட ஃபிளாஷ் தளங்கள் கலைஞர்களிடையே பரவலாக இருந்தன. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 திசம்பர் 31 உடன் முடிவுற்றது. 2007 இல் ஐபோன் வெளியான பின்னர் சிறு திரைகளின் பயன்பாடு பெருகியது. 2010 மே மாதத்தில் ஈத்தன் மார்கோட், திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பக்க அமைப்பை விளக்கிக் கட்டுரை எழுதினார். கிடைவரிசை, நிலைவரிசை இரண்டையும் நேரடியாக வரையறுக்க உதவும் சிஎஸ்எஸ் கிரிட், 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்பாக்சு, சஃபாரி ஆகிய உலாவிகளில் இடம்பெற்றது.

உள்ளடக்கத் தெரிவு

பக்க அமைப்புக்கு முன்னர், எவற்றைக் காட்டுவது என்பது முடிவு செய்யப்படவேண்டும். செய்த அனைத்தையும் அடுக்குவது களஞ்சியம் ஆகுமேயன்றித் தொகுப்பு ஆகாது. பலவீனமான ஆக்கம் ஒன்று அருகிலுள்ள நல்ல ஆக்கங்களின் மதிப்பையும் குறைக்கக்கூடும். ஒவ்வோர் ஆக்கத்துடனும் பின்வருவன தரப்படுவது நன்று:

* தீர்க்க முயன்ற சிக்கல் அல்லது பெற்ற பணி
* செய்த ஆண்டும், எடுத்துக்கொண்ட காலமும்
* கூட்டு ஆக்கமாயின் தமது பங்கு எது என்பது
* தொடக்க வரைவுகளும், முடிவான வடிவமும்

இவற்றுள் மூன்றாவது குறிப்பு நேர்மை தொடர்பானது. குழுவாகச் செய்த பணியைத் தனிப்பணி போலக் காட்டுவது நேர்முகத் தேர்வில் வெளிப்பட்டால், ஏனைய ஆக்கங்களின் நம்பகத்தன்மையும் கெடும். தொழில் அனுபவம் இல்லாத மாணவர்கள் பாடப்பணிகளையும் சொந்த முயற்சிகளையும் அவ்வாறே குறிப்பிட்டுச் சேர்க்கலாம். வீட்டு முகவரி போன்ற தனிப்பட்ட தகவல்களைத் தவிர்த்து, மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தருவது போதுமானது.

பக்க அமைப்பின் கூறுகள்

பார்வைப் படிநிலை

எது முதலிற் படவேண்டும், எது அடுத்து என்பதை அளவு, நிறம், இடம், இடைவெளி ஆகியவற்றால் உணர்த்துவது பார்வைப் படிநிலை எனப்படும். எல்லாவற்றையும் பெரிதாக்கினால் எதுவும் பெரிதாகத் தோன்றாது. யார் இவர், என்ன செய்பவர், ஆக்கங்கள் எங்கே என்னும் மூன்று வினாக்களுக்கும் முகப்பின் முதற் திரையிலேயே விடை கிடைப்பது விரும்பத்தக்கது.

யாக்கோப் நீல்சன் 2006 இல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வின்படி, வலைப்பக்கத்தைப் படிப்போரின் பார்வை மேற்பகுதியில் இருமுறை கிடையாகவும், பின்னர் இடப்புறமாகக் கீழ்நோக்கியும் செல்கிறது. சிறு தலைப்புகள் இன்றி நீண்டு செல்லும் உரையில் இப்போக்கு மிகுதி. தகவலைத் தரும் சொற்களைத் தலைப்பின் தொடக்கத்தில் வைப்பது இதனாற் பயன் தருகிறது.

கட்டமும் வெற்றிடமும்

பக்கத்தைச் சம அகலமுள்ள நிரல்களாகப் பிரித்து, படங்களையும் உரையையும் அக்கோடுகளில் நிறுத்துவது கட்ட முறை ஆகும். அச்சு வடிவமைப்பில், குறிப்பாகச் சுவிட்சர்லாந்தில் வளர்ந்த இம்முறையை யோசப் முல்லர்-புரொக்மன் 1981 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக விளக்கினார். வலையில் 12 நிரல் முறை பரவலாகப் பயன்படுகிறது. 12 என்னும் எண் 2, 3, 4, 6 ஆகியவற்றால் மீதியின்றி வகுபடுவதால், ஒரே கட்டத்தில் இரண்டு, மூன்று, நான்கு எனப் படங்களை அடுக்கமுடிகிறது.

வெற்றிடம் வீணான இடம் அன்று. அருகருகே உள்ளவை தொடர்புடையவை எனக் கண் கருதும். எனவே படத்துக்கும் அதன் விளக்கத்துக்கும் இடையிலுள்ள தூரம், அவ்விளக்கத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைவிடக் குறைவாக இருத்தல் வேண்டும்.

வழிசெலுத்தல்

பட்டியலில் உள்ள பெயர்கள் தெளிவாக இருப்பது அழகாக இருப்பதைவிட முதன்மையானது. ஆக்கங்கள், என்னைப் பற்றி, தொடர்பு என்பன போன்ற பழகிய பெயர்களைப் பார்வையாளர் சிந்திக்காமலே புரிந்துகொள்வர்.

படங்களின் அளவு

4000 × 3000 படவணுக்கள் கொண்ட ஒளிப்படத்தில் 1.2 கோடி படவணுக்கள் உள்ளன. அதே படத்தை 800 × 600 அளவிற் காட்ட 4.8 இலட்சம் போதும். அதாவது இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஒளிப்படக்கருவியிலிருந்து எடுத்த கோப்பை அப்படியே பதிவேற்றினால், மெதுவான இணைப்புடையோர் ஆக்கத்தைக் காணும் முன்னரே பக்கத்தைவிட்டு நீங்கக்கூடும்.

அணுகுதன்மை

பார்வைக் குறைபாடு உடையோரும் தளத்தைப் பயன்படுத்தக் கூடியதாக இருத்தல் வேண்டும். 2008 இல் வெளியான வலை உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டுதலின் இரண்டாம் பதிப்பு, இடைநிலைத் தரத்துக்குச் சாதாரண உரையின் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என வரையறுத்தது. வெள்ளைப் பின்னணியிற் கறுப்பு எழுத்தின் வேறுபாடு 21:1 ஆகும். படங்களுக்கு மாற்றுரை தருவதும், சுட்டியின்றி விசைப்பலகையால் மட்டும் தளத்தைக் கடக்க முடிவதும் ஏனைய அடிப்படைத் தேவைகள்.

தமிழ்ப் பக்கங்களில் கவனிக்க வேண்டியவை

ஆங்கிலத்துக்கென அமைத்த பக்க வார்ப்புருவில் தமிழை இட்டால் சில இடர்ப்பாடுகள் எழுகின்றன.

* தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் வேறுபாடு இல்லை. பேரெழுத்தால் தலைப்பை வேறுபடுத்தும் வழி இங்கு பயன்படாது. எழுத்தைச் சாய்ப்பதும் தமிழுக்கு இயல்பானதன்று. அளவு, தடிப்பு, இடைவெளி ஆகியவற்றாலேயே படிநிலையைக் காட்டவேண்டும்.
* புள்ளியும் இகர, ஈகாரக் குறிகளும் எழுத்தின் மேலும், உகர, ஊகார வடிவங்கள் பல எழுத்தின் கீழும் நீள்வதால், நெருக்கமான வரிகளில் அவை மோதிக்கொள்ளும். வரி உயரம் எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையாதிருப்பது நன்று.
* தமிழ்ச் சொற்கள் விகுதிகளும் உருபுகளும் சேர்ந்து நீள்பவை. குறுகிய பொத்தான்களிலும் பட்டியல்களிலும் அவை அடங்காமற் போகலாம். இருபுறமும் ஒழுங்கு செய்த பத்திகளிற் சொற்களுக்கிடையே பெரிய இடைவெளிகள் தோன்றும்.
* ஒருங்குறி பரவலாகும் முன்னர் தமிழ் உரையைப் படமாக மாற்றி இடும் வழக்கம் இருந்தது. அவ்வாறு இட்ட உரையைத் தேடுபொறிகள் உரையாகப் படிப்பதில்லை. அதனைப் படியெடுக்கவும் இயலாது.

வடிவமைப்புப் படிமுறை

பொதுவாகத் தாளிற் பென்சிலால் வரையும் பல சிறு வரைவுகளில் வேலை தொடங்குகிறது. அடுத்து, நிறமும் படங்களும் இன்றிப் பெட்டிகளாலும் கோடுகளாலும் ஆன கம்பிச்சட்ட வரைவு உருவாகிறது. அதன் பின்னரே உண்மையான படங்களுடன் மாதிரி அமைக்கப்பட்டு நிரலாக்கப்படுகிறது. முற்பட்ட நிலையில் பின்னூட்டம் பெறுவதில் இருவகை நன்மை உண்டு. திருத்துவதற்கு அழிப்பான் போதும். மேலும், முடிந்த பொருள்போலத் தோற்றமளிக்காத ஒன்றைக் குறைகூற நண்பர்கள் தயங்குவதில்லை.

சக கற்போரின் பின்னூட்டம்

கருத்தும் அவதானிப்பும்

"தளம் எப்படி இருக்கிறது" எனக் கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்பதே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். இது நட்பைக் காக்கும். தளத்தைத் திருத்த உதவாது. மாறாக, ஒரு வேலையைக் கொடுத்து, உதவாமல் அருகிலிருந்து அவதானிப்பதே பயனுள்ள முறை.

எடுத்துக்காட்டாக, கட்டிடக்கலை மாணவர் ஒருவரின் தளப் பட்டியலில் "பயணம்", "துளிகள்", "நான்" என்னும் பெயர்கள் உள்ளன எனக் கொள்வோம். மூன்று நண்பர்களிடம் "இவர் வரைந்த பள்ளிக் கட்டிடத்தின் தரைத்தளப் படத்தைக் கண்டுபிடியுங்கள்" எனக் கேட்கப்படுகிறது. இருவர் "பயணம்" என்பதைச் சுற்றுலாப் படங்கள் எனக் கருதித் தவிர்க்கின்றனர். மூன்றாமவர் படத்தைக் கண்டுபிடித்துவிட்டு, பின்னணி நிறம் தமக்குப் பிடிக்கவில்லை என்கிறார். முதலாவது அவதானிப்பு, "பயணம்" என்பது "கட்டிடங்கள்" என மாறவேண்டும் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. இரண்டாவது சுவை பற்றிய கருத்து. எழுத்து வாசிக்க இயலாதிருந்தாலன்றி அதனை ஏற்பது கட்டாயம் அன்று.

எத்தனை பேர்

ஐந்து பேரைக் கொண்டு சோதித்தால் பயன்படுத்துவதிலுள்ள இடர்ப்பாடுகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்படும் என 2000 இல் நீல்சன் எழுதினார். இது சராசரிக் கணிப்பு. பின்னர் விமர்சனத்துக்கும் உள்ளானது. எனினும் பதினைந்து பேரை ஒரே முறையிற் சோதிப்பதைவிட, ஐவர் ஐவராக மூன்று சுற்றுகளிற் சோதித்து இடையிடையே திருத்துவது நன்று என்னும் அவரது பரிந்துரை நடைமுறைக்கு உகந்தது. ஒருமுறை தளத்தைப் பார்த்தவர் மீண்டும் அதற்குப் புதியவர் ஆக முடியாது. ஆகவே நண்பர்கள் அனைவருக்கும் முதல் நாளிலேயே காட்டிவிடாமல், திருத்திய வடிவத்துக்கெனச் சிலரை விட்டுவைப்பது பயன் தரும்.

உடன் பயில்வோருக்கும் ஒரு குறை உண்டு. துறைச் சொற்களை அவர்களும் அறிந்திருப்பதால், பிறருக்கு விளங்காத சொல் அவர்களைத் தடுக்காது. துறைக்கு வெளியிலுள்ள ஒருவரையேனும் சேர்த்துக்கொள்வது இக்குறையை ஈடுசெய்யும்.

ஒழுங்குபடுத்திய கலந்துரையாடல்

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 இல் உருவாக்கிய பின்னூட்ட முறை, வடிவமைப்பு உட்படப் பிற துறைகளிலும் பின்பற்றப்படுகிறது. இது நான்கு படிகளைக் கொண்டது:

1. ஆக்கத்தில் தமக்குப் பொருள் உடையதாகப் பட்டதைப் பார்வையாளர்கள் கூறுவர்.
2. படைத்தவர் தமது ஐயங்களைக் கேட்பார்.
3. பார்வையாளர்கள் கருத்தேற்றாத நடுநிலை வினாக்களைக் கேட்பர்.
4. படைத்தவரின் இசைவைப் பெற்றுத் தமது கருத்தைக் கூறுவர்.

"ஏன் இவ்வளவு சிறிய எழுத்து" என்பது குற்றச்சாட்டு; "எழுத்தின் அளவை எவ்வாறு முடிவு செய்தீர்கள்" என்பது நடுநிலை வினா. இரண்டாவது வினா படைத்தவரைத் தற்காப்பில் இறங்கச் செய்யாமற் சிந்திக்கத் தூண்டுகிறது.

பின்னூட்டத்தைப் பயன்படுத்துதல்

பெற்றவை எல்லாவற்றையும் நிறைவேற்ற முயன்றால் தளம் பலரது விருப்பங்களின் கலவையாகிவிடும். ஒரே இடத்திற் பலர் தடுமாறியிருந்தால் அதுவே முதலிற் திருத்தப்படவேண்டும். இருவர் முரணான தீர்வுகளைக் கூறினாலும் இருவரும் ஒரே பகுதியைச் சுட்டியிருக்கலாம்; அப்போது அவர்கள் தந்த தீர்வுகளைவிட, அப்பகுதியிற் குறை உண்டு என்னும் செய்தியே முதன்மையானது. தீர்வைக் காண்பது வடிவமைப்பவரின் பொறுப்பு. திருத்தியபின் அதே வேலையைப் புதியவர் ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பதன் மூலம், குறை நீங்கியதா, வேறிடத்துக்கு இடம்பெயர்ந்ததா என்பதை அறியலாம்.