நாக்கைப் பார்த்து ஓடுங்கள்!

“இவன் வந்த பிறகு நானும் ஆறு கிலோ இறங்கிட்டேன்” என்று பெருமையோடு சொல்பவர்களை இன்று எந்த ஊர் நடைப்பயிற்சிப் பாதையிலும் பார்க்கலாம். கையில் செயின், அதன் மறுமுனையில் ஒரு லேப்ரடாரோ பீகிளோ. டாக்டர் சொல்லியும், வீட்டில் சொல்லியும், ஜிம்முக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டியும் அசையாதவர்களை ஒரு நாய் அசைத்துவிடுகிறது. அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கலாம். கட்டிலில் ஏறி முகத்தை நக்கும் லேப்ரடாரிடம் அது நடக்காது.

ஆய்வுகளும் இதை ஒட்டியே பேசுகின்றன. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்களாவது மிதமாக உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கிலாந்தின் செஷயர் பகுதிக் குடும்பங்களிடம் நடத்தப்பட்டு 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், அந்த அளவை எட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட நாய் வளர்ப்பவர்களுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. ஸ்வீடனில் 34 லட்சம் பேரின் பதிவேடுகளை அலசி 2017-ல் வெளியான ஆய்வு, நாய் வளர்ப்பவர்களிடையே இதயநோய் மரணம் குறைவு என்றது. தனியாக வசிப்பவர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

மனிதர்களுக்குக் கிடைக்கும் நன்மையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் கவலையெல்லாம் செயினின் மறுமுனையில் இருப்பவனைப் பற்றியது. நம் ஊர் வெக்கையில் அவனை ஓடவைக்கிறோமே, அதைப் பற்றியது.

நடையாக இருந்தவரை பெரிய தொல்லை இல்லை. நாய் முகர்ந்து, நின்று, கம்பத்துக்குக் கம்பம் காலைத் தூக்கி, தன் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. சில ஆண்டுகளாக நடை ஓட்டமாகியிருக்கிறது. மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் ஐந்து கிலோமீட்டர், எட்டு கிலோமீட்டர் என நாயையும் கூடவே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் இவர்கள் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நாய் மூச்சிரைக்க ஓடிவரும் காட்சியும் உண்டு. இடுப்புப் பட்டையையும் எலாஸ்டிக் கயிற்றையும் ஆன்லைனில் வரவழைத்து, ‘கேனிகிராஸ்’ ஓடப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் பனிவண்டி இழுக்கும் நாய்களுக்குப் பனி இல்லாத நாட்களில் பயிற்சி கொடுக்கப்போய் உருவான விளையாட்டு அது. நாய் முன்னே இழுக்க, மனிதர் பின்னே ஓடுவார். குளிர் மாதங்கள்தான் அங்கே அதற்குக் காலம். பட்டையும் கயிறும் இங்கே கிடைத்துவிடும். அந்தக் குளிருக்கு எங்கே போவது?

நாய்க்கு நம்மைப்போல வியர்க்காது. வியர்வைச் சுரப்பி என்று சொல்லத்தக்கவை அதன் உள்ளங்காலில் மட்டும்தான் உண்டு. அவற்றால் உடம்பைக் குளிர்விக்க முடியாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதன் முக்கிய வழி. நிமிடத்துக்கு 300 முறைகூட மூச்சை இழுத்துவிட்டு, நாக்கிலும் வாயிலும் மூக்கின் உட்புறத்திலும் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியே தள்ளுகிறது. ஈரம் ஆவியாக வேண்டுமென்றால் காற்று உலர்ந்திருக்க வேண்டும். கடலோர ஊரில் கோடைக் காலை ஐந்தரை மணிக் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும். நம் பனியனே காயாத அந்தக் காற்றில் நாயின் நாக்கு எப்படிக் காயும்? “நாங்க வெயிலுக்கு முன்னாடியே ஓடி முடிச்சிடுவோம்” என்று சென்னைக்காரர்கள் நிம்மதியாகச் சொல்வதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். அதிகாலை என்பது நண்பகலைவிட நிச்சயம் நல்லது. அது மட்டுமே போதும் என்று நினைப்பதில்தான் ஆபத்து. மதுரையின் காய்ந்த காலையும் கடலூரின் பிசுபிசுத்த காலையும் நாய்க்கு ஒன்றல்ல.

நமக்கு 101 டிகிரி என்றால் காய்ச்சல். நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பான சூடு. 106-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகச் சிதையத் தொடங்கும். குடல், சிறுநீரகம், கல்லீரல், ரத்தம் உறையும் தன்மை எல்லாமே பாதிக்கப்படும். எழுந்து நடந்துவிட்டதே என்று வீட்டுக்குக் கூட்டிவந்த நாய், மறுநாள் ரத்தமாகக் கழிந்து இறந்துபோவதும் உண்டு. பூட்டிய காருக்குள் விட்டால்தான் நாய்க்கு ஹீட் ஸ்ட்ரோக் வரும் என்று பலர் நம்புகிறார்கள். குளிர்நாடான பிரிட்டனில், கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2020-ல் வெளியான ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. அங்கே வெப்பத்தால் நோயுற்ற நாய்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்றுக்குக் காரணம், ஓட்டமும் நடையும் விளையாட்டுமான உடற்பயிற்சிதான். அந்த நாட்டிலேயே அப்படி என்றால், கத்திரி வெயில் அடிக்கும் நாட்டில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும்!

போன ஏப்ரலில், பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய நடைபாதையில் ஒரு கறுப்பு லேப்ரடாரைப் பார்த்தேன். மணி ஆறேமுக்கால் இருக்கும். இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் காதில் இயர்போனோடு ஓடிவந்தார். நாய் முதலில் பக்கத்தில் வந்தது, பிறகு ஓரடி பின்னால், அப்புறம் செயின் விறைக்கும் அளவுக்குப் பின்னால். அதன் நாக்கு வாயின் ஓரமாக வழிந்து, நுனி கரண்டிபோல அகன்று, ஓரங்கள் மேலே சுருண்டிருந்தன. எச்சில் கோந்தாக இழுத்துக்கொண்டு நின்றது. ஈறு செங்கல் நிறம். ஒரு சிமென்ட் பெஞ்சின் நிழலைக் கண்டதும் அது பொத்தென்று வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்துவிட்டது. “வாடா, இன்னும் ஒரே ரவுண்டு” என்று அவர் செயினைச் சுண்ட, அது மறுபடி எழுந்தது. சுக்குக் காபி விற்கும் அம்மா கேனை மூடிவிட்டு, “தம்பி, அது முடியலன்னு சொல்லுது, பாரு” என்றார். “டெய்லி ஓடுறவன்தாம்மா, சும்மா நடிக்கிறான்” என்றார் அவர். அந்த அம்மா பதில் பேசாமல் பக்கத்தில் இருந்த தண்ணீர் கேனைச் சாய்த்து நாயின் வயிற்றிலும் தொடையிலும் ஊற்றினார். பிறகுதான் அவர் இயர்போனைக் கழற்றினார்.

அந்த இளைஞர் கொடுமைக்காரர் இல்லை. நாயை உயிராக வைத்திருப்பவர் என்பது அது எழுந்த விதத்திலேயே தெரிந்தது. நான் சொல்ல வருவதும் அதைத்தான். பிடித்தவர் கூப்பிட்டால் நாய் எழுந்துவிடும். முடியாவிட்டாலும் ஓடும். நமக்கு மூச்சு முட்டினால் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுகிறோம். நாய் நம் முகத்தைப் பார்த்து ஓடுகிறது. எப்போது நிறுத்துவது என்ற முடிவை முழுக்க நம் கையில் கொடுத்துவிட்ட பிராணி அது. அதைத் துணைக்கு அழைத்துப்போகிறவருக்கு முதல் தகுதி, தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைக் குறைத்து அதன் நாக்கைப் பார்க்கத் தெரிந்திருப்பதுதான்.

எல்லா நாயும் ஓட்டத்துணை ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2003 வாக்கில் தொலைக்காட்சியில் வந்த செல்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் குடுகுடுவென்று ஓடிய பக் நாயை மறந்திருக்க மாட்டீர்கள். அதைப் பார்த்துத்தான் பாதி ஊர் பக் வாங்கியது. சப்பை முகமும் குறுகிய மூக்குத் துவாரமும் தொண்டையை அடைக்கும் நீண்ட அண்ணமுமாகப் பிறக்கும் அந்த நாய்க்குச் சும்மா இருக்கும்போதே மூச்சுவிடுவது பாடு. பக், பிரெஞ்ச் புல்டாக், பாக்ஸர், ஷி ட்சு எதுவானாலும் நிதானமான நடை போதும். ஹஸ்கியின் கதை வேறு. அதற்கு ஓடத் தெரியும், ஓடியே தீரும். ஆனால் பனிக்காக அமைந்த இரண்டடுக்கு ரோமத்தோடு, பகலெல்லாம் ஏ.சி. அறையில் கிடந்துவிட்டு, காலையில் திடீரென்று நம் தார்ச்சாலையில் இறங்குகிறது. வெக்கைக்குப் பழகவே வாய்ப்புத் தராமல் ஓடச் சொல்கிறோம்.

லேப்ரடார் எல்லாவற்றுக்கும் தாங்கும் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ரடாருக்குப் பசியடங்காத மரபணுக் குறை இருக்கிறது என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் கண்டார்கள். கொழுத்த உடம்பு சூட்டைச் சீக்கிரம் விடாது. இன்னொரு மரபணுக் கோளாறு உள்ள லேப்ரடார்கள், ஐந்து முதல் பதினைந்து நிமிடம் கடுமையாக ஓடினாலே பின்னங்கால்கள் துவண்டு விழுந்துவிடும். ஓடும்போது நாயின் பின்பக்கம் தள்ளாடினால் களைப்பு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

“எங்க தாத்தா காலத்துல நாயெல்லாம் காடு கழனின்னு நாள் முழுக்க ஓடும், ஒண்ணும் ஆகாது” என்பவர்கள் உண்டு. உண்மைதான். அந்த நாய் தானாக ஓடியது, வேண்டியபோது வேப்பமரத்து நிழலில் படுத்தது, வாய்க்காலில் இறங்கி நனைந்தது. கழுத்தில் செயின் இருக்கவில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் வெயிலில் வளர்ந்த இனங்கள். ஒட்டிய ரோமம், ஒல்லி உடம்பு, நீண்ட கால்கள் எல்லாம் அந்த மண்ணுக்கு ஏற்றவை. ஆனால் அவை காற்றாய்ப் பாய்ந்து சட்டென்று நின்றுவிடும் வேட்டை நாய்கள். பத்து கிலோமீட்டரை ஒரே சீராக ஓடுவது அவற்றின் இயல்பு இல்லை. அஞ்சல்தலையில் 2005-லேயே இடம்பிடித்த நம் ராஜபாளையத்துக்கோ வெள்ளை ரோமத்துக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல், வெயில் சுட்டுவிடும்.

பாதத்தை மறந்துவிடக் கூடாது. நாம் ஓர் அங்குல ரப்பரின் மேல் ஓடுகிறோம், அது வெறுங்காலில் ஓடுகிறது. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி அழுத்திவைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் நாயை அதில் இறக்காதீர்கள். இதை மாலையிலும் செய்ய வேண்டும். சூரியன் மறைந்த பிறகும் தார் சூட்டை விடாது. ஆறு மணிக்குக் காற்று இதமாக இருக்கும், தரை கொதிக்கும். கால் பட்டையில் கொப்புளம் வந்த நாய் முதலில் நொண்டாமலும் இருக்கலாம். பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும்.

குட்டியை ஓட்டத்துக்குப் பழக்கும் அவசரமும் பலரிடம் இருக்கிறது. எலும்பின் வளர்ச்சி முனைகள் மூடச் சிறிய இனங்களுக்கு ஒரு வயது ஆகும், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயதுகூட ஆகும். அதுவரை அது இஷ்டத்துக்குத் துள்ளட்டும். சிமென்ட் தரையில் நம்மோடு கிலோமீட்டர் கணக்கில் ஓட வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் ஓடுவதும் கூடாது. ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது? வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடுவதற்கு முன், இருக்கும் இடத்திலேயே குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழலுக்குத் தூக்கிப்போய், குழாய்த் தண்ணீரோ குடிதண்ணீரோ கிடைப்பதை உடம்பு முழுக்க, தோல் நனையும்படி ஊற்றிக்கொண்டே இருங்கள். மூக்கிலும் வாயிலும் ஊற்ற வேண்டாம். விசிறுங்கள், அல்லது ஃபேன் அடியில் போடுங்கள். ஈரத்துண்டால் போர்த்துவது நம்மிடம் ஊறிப்போன வழக்கம். அதைக் கைவிடுங்கள், துண்டு சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கும். நினைவோடு இருந்தால் குடிக்கத் தண்ணீர் வையுங்கள், வாயைத் திறந்து ஊற்றாதீர்கள். மூச்சு கொஞ்சம் அடங்கியதும் டாக்டரிடம் போங்கள். தேறிவிட்டதுபோலத் தெரிந்தாலும் போங்கள்.

நன்றாக இருக்கும் நாயை ஓட்டம் முடிந்ததும் சீக்கிரம் குளிர்விக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பணிநாய்கள் மையம் பல முறைகளை ஒப்பிட்டு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீர்த் தொட்டியில் தானாகவே தலையை முக்கி எடுக்கப் பழக்கப்பட்ட நாய்கள்தான் விரைவில் குளிர்ந்தன. வாளியின் அடியில் பிடித்த தின்பண்டத்தையோ பந்தையோ போட்டு வீட்டிலேயே பழக்கலாம். நாமாகத் தலையைப் பிடித்து அமுக்கக் கூடாது.

பொதுப் பூங்காவுக்கு நாயைக் கொண்டுவரவே கூடாது என்பவர்களின் பயத்தையும் நான் மதிக்கிறேன். செயினைக் கழற்றாதீர்கள், கழிவை அள்ளுங்கள், வெறிநாய்க்கடி தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் நிழலும் மண்தரையும் குழாயும் உள்ள இடங்களில் எல்லாம் கதவை மூடிவிட்டால், நாய்கள் மிஞ்சியிருக்கும் தார்ச்சாலைக்குத்தான் வரும். ஊருக்கு ஒரு மைதானத்தின் ஓரத்தையாவது, அதிகாலையில் ஒரு மணி நேரமாவது அவற்றுக்கு ஒதுக்கலாம்.

ஓட ஆசைப்படுகிறவர்களுக்குக் காலம் இல்லாமல் இல்லை. மழை இல்லாத நாட்களில், நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நம் காலைகள் நாய்க்கும் இதமானவை. அப்போதும் முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் வேண்டாம். பத்து நிமிடத்தில் தொடங்கி, இரண்டு நிமிட ஓட்டம், மூன்று நிமிட நடை எனக் கலந்து, வாரக் கணக்கில் ஏற்றுங்கள். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்பில் மாட்டும் ஹார்னஸ் போடுங்கள். தேங்கிய மழைநீரில் வாய்வைக்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் அங்கிருந்து தொற்றலாம். வீட்டுக்கு வந்ததும் காது மடலையும் விரல் இடுக்கையும் விரித்து உண்ணி பாருங்கள்.

மார்ச் பிறந்துவிட்டால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு முகர்ந்து நடக்க விடுங்கள். ஒரு வேலியோரத்தை இருபது நிமிடம் மூக்கால் அலசிய நாய் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கும். மே மாதத்திலும் நீங்கள் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் அவனை ஃபேன் அடியில் விட்டுவிட்டுத் தனியாகப் போய்வாருங்கள். எந்த நேரத்தில் அந்தத் தரையில் உங்கள் புறங்கை ஏழு விநாடி தாங்குகிறதோ, அப்போது இருவருமாக ஒரு சின்னச் சுற்று நடந்தால் போதும்.